தேர்வுக்குள் ஒரு தேர்வு: அமெரிக்க மின் பொறியாளர்களின் புத்தகப் பெட்டி

தமிழில் பரீட்சைக்கும் தேர்வு என்றுதான் பெயர். பலவற்றில் ஒன்றைப் பொறுக்கி எடுப்பதற்கும் தேர்வு என்றுதான் பெயர். இந்த இரண்டு தேர்வுகளும் ஒரே அறையில் சந்தித்துக்கொண்ட கதை ஒன்று அமெரிக்காவில் உண்டு.

அங்கே மின் பொறியாளர் உரிமம் வாங்குவதற்கான தேர்வை எழுதப் போனவர்கள் 2020 வரைக்கும் வெறுங்கையோடு போகவில்லை. சக்கரம் வைத்த சூட்கேஸ், பிளாஸ்டிக் கூடை, சின்னத் தள்ளுவண்டி என்று கிடைத்ததில் எல்லாம் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். தேர்வு அறையில் மேசை மேல் அடுக்கி வைத்துக்கொண்டு, திறந்து பார்த்து விடை எழுதினார்கள். பறக்கும் படை வந்து பிடிக்காது. பிட் அடிப்பது என்ற பேச்சே இல்லை. புத்தகத்தைப் பார்க்கலாம் என்பதே விதி.

"ஆஹா, நமக்கும் இப்படி இருந்தால் எல்லோரும் பாஸ் ஆகிவிடலாமே!" என்று தோன்றுகிறதா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. புத்தகத்தோடு போயும் தோற்றவர்கள் ஏராளம். எந்தப் புத்தகத்தைக் கொண்டு போவது, எதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது என்பதே அந்தத் தேர்வின் எழுதப்படாத முதல் கேள்வியாக இருந்தது. அந்தக் கேள்வி எப்படி வந்தது, எப்படி மறைந்தது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். இந்த உரிமத்துக்குப் பெயர் 'புரொபஷனல் இன்ஜினியர்', சுருக்கமாக பி.இ. நம் ஊர் பி.இ. பட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்! அமெரிக்காவில் பட்டம் வாங்கியவர் எல்லோரும் பொதுமக்களுக்கான வரைபடங்களில் பொறியாளர் முத்திரை குத்த முடியாது. பட்டம், அதன் பின் ஓர் அடிப்படைத் தேர்வு, பிறகு பொதுவாக நான்கு வருட அனுபவம், கடைசியில் இந்த பி.இ. தேர்வு. இதையெல்லாம் தாண்டினால்தான் அந்த முத்திரை கையில் கிடைக்கும். தொழிற்சாலைக்குள்ளேயே வேலை பார்ப்பவர்கள் பலருக்கு இது தேவைப்படுவதில்லை. ஆனால் ஒரு மருத்துவமனைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ மின் அமைப்பை வடிவமைத்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றால் உரிமம் வேண்டும்.

வயோமிங்கில் தொடங்கியது

இந்த உரிமத்தின் தொடக்கம் மின்சாரத்தில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. 1900களின் தொடக்கத்தில் வயோமிங் மாநிலத்தில் நீர் உரிமை கேட்டு வரும் விண்ணப்பங்களோடு வரைபடங்களும் வரும். அவற்றை யார் வேண்டுமானாலும் வரையலாம். வக்கீல் வரைவார், நோட்டரி வரைவார். கீழே 'பொறியாளர்' என்று கையெழுத்தும் போட்டுவிடுவார்கள். மாநிலப் பொறியாளராக இருந்த கிளாரன்ஸ் ஜான்ஸ்டனுக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது. அவருடைய முயற்சியால் 1907-ல் பொறியாளர்களுக்கும் நில அளவையாளர்களுக்கும் உரிமம் வேண்டும் என்ற சட்டம் வந்தது. அமெரிக்காவில் இதுதான் முதல் சட்டம். அதே வருடம் ஆகஸ்டில் சார்லஸ் பெல்லமி என்பவர் முதல் உரிமத்தைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 52!

மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. சில மாநிலங்கள் தாமாக வந்தன. சிலவற்றை விபத்துகள் இழுத்து வந்தன. 1928 மார்ச்சில் கலிபோர்னியாவில் செயின்ட் பிரான்சிஸ் அணை உடைந்து நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்த வருடமே அங்கே கட்டுமானப் பொறியாளர்களுக்கு உரிமச் சட்டம் வந்தது. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் எரிவாயு கசிந்து கட்டடத்தின் அடியில் நிறைந்திருந்தது. அந்த வாயுவுக்கு வாசனை இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. தொழிற்கல்வி அறையில் ஒரு மின்சாரத் தேய்ப்பு இயந்திரத்தைப் போட்டபோது எழுந்த பொறியில் கட்டடமே வெடித்துச் சரிந்தது. ஏறத்தாழ முந்நூறு பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அதே வருடம் டெக்சாஸில் பொறியாளர் சட்டம் நிறைவேறியது. கடைசி மாநிலமாக மான்டானா 1947-ல் சேர்ந்துகொண்டது.

இந்தப் பின்னணி முக்கியம். உரிமத் தேர்வு என்பது மதிப்பெண்ணுக்கான போட்டி இல்லை. "இவர் கையெழுத்துப் போட்ட வரைபடத்தை நம்பி மனிதர்கள் ஒரு கட்டடத்துக்குள் போகலாமா?" என்பதுதான் அதன் கேள்வி.

ஏன் புத்தகத்தைத் திறக்க விட்டார்கள்?

மாநிலத்துக்கு ஒரு வாரியம், வாரியத்துக்கு ஒரு தேர்வு என்று இருந்தால் ஒரு மாநிலத்தின் உரிமத்தை இன்னொரு மாநிலம் மதிப்பது கடினம். அதனால் வாரியங்கள் 1920-ல் சிகாகோவில் கூடி ஒரு பொது அமைப்பைத் தொடங்கின. இன்றைக்கு அதன் பெயர் என்.சி.இ.இ.எஸ். அந்த அமைப்பு தயாரித்த பொதுவான அடிப்படைத் தேர்வு 1965-லும், பொதுவான பி.இ. தேர்வு 1966-லும் நடைமுறைக்கு வந்தன.

பி.இ. தேர்வு திறந்த புத்தகத் தேர்வாக நடந்தது. இதன் நியாயம் ரொம்ப எளிமையானது. வேலையில் இருக்கும் பொறியாளர் யாரும் கேபிள் அட்டவணையை மனப்பாடமாக ஒப்பிப்பதில்லை. ஒப்பித்தால்தான் பயப்பட வேண்டும்! நினைவில் ஓர் எண் தவறினால் கம்பி சூடாகும், காப்பு உருகும், தீப்பிடிக்கும். நல்ல பொறியாளர் புத்தகத்தை எடுத்துப் பார்ப்பார். தேர்வும் அப்படியே இருக்கட்டும் என்பதுதான் இதன் உட்கருத்து.

நம் கல்லூரிகளுக்கு இது முற்றிலும் புதியதும் அல்ல. மெக்கானிக்கல் படித்தவர்களைக் கேட்டால் கோவை பி.எஸ்.ஜி.யின் டிசைன் டேட்டா புக் பற்றியும் ஸ்டீம் டேபிள் பற்றியும் சொல்வார்கள். தேர்வு அறைக்குள் அவற்றைக் கொண்டு போகலாம். பள்ளியில் லாக் புக் வைத்துக் கணக்குப் போட்டதும் இந்த வகைதான். ஆனால் ஒரு வித்தியாசம். இங்கே எந்தப் புத்தகம் என்பதைக் கல்லூரி தீர்மானிக்கிறது. அங்கே தேர்வு எழுதுபவரே தீர்மானிக்க வேண்டும்.

பெட்டிக்குள் என்ன இருந்தது?

பெட்டிக்குள் போன புத்தகங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, விதி நூல்கள். இதில் தலைமை நூல் என்.இ.சி. எனப்படும் தேசிய மின் விதித்தொகுப்பு. 1890களில் அமெரிக்காவில் மின் கம்பி பதிக்கும் விதிகள் ஒன்றல்ல, ஐந்து தொகுப்புகள் புழக்கத்தில் இருந்தன. ஒன்று சொல்வதை இன்னொன்று மறுக்கும். காப்பீட்டுக்காரர்கள், மின் நிறுவனத்தார், கட்டடக் கலைஞர்கள் எல்லோரும் சேர்ந்து 1897-ல் ஒரே தொகுப்பை உருவாக்கினார்கள். 1911 முதல் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் அதன் பொறுப்பை ஏற்றது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதிய பதிப்பு வரும். சுமார் தொள்ளாயிரம் பக்கம்.

இதற்குத் தம்பி மாதிரி இன்னொரு நூல் உண்டு. தேசிய மின் பாதுகாப்பு விதித்தொகுப்பு, என்.இ.எஸ்.சி. கட்டடத்துக்குள் இருக்கும் வயரிங் என்.இ.சி.க்குச் சொந்தம். தெருவில் போகும் மின் நிறுவனத்தின் கம்பமும் கம்பியும் என்.இ.எஸ்.சி.க்குச் சொந்தம். முதலில் அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பு இதைப் பார்த்துக்கொண்டது. 1970களிலிருந்து ஐ.இ.இ.இ. பார்த்துக்கொள்கிறது. பெயரும் ஒரே மாதிரி, பொருளும் பக்கத்துப் பக்கத்தில். கேள்வியைப் படித்ததும் இது எந்த நூலின் எல்லைக்குள் வருகிறது என்று தெரியாதவர் தவறான புத்தகத்தில் சரியான விடையைத் தேடிக்கொண்டிருப்பார்.

இரண்டாம் வகை, பெருங்கையேடுகள். மின் பொறியாளர்களுக்கான ஸ்டாண்டர்ட் ஹேண்ட்புக் இவற்றில் மூத்தது. வயோமிங்கில் சட்டம் வந்த அதே 1907-ல்தான் இதன் முதல் பதிப்பும் வந்தது என்பது ஒரு சுவையான தற்செயல். பிற்காலப் பதிப்புகள் இரண்டாயிரம் பக்கங்களைத் தாண்டும். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் பொறியாளர்கள் 1942-ல் வெளியிட்ட மின் கடத்தல், பகிர்மானம் பற்றிய பார்வை நூலும் இந்த வகைதான். அதன் நான்காம் பதிப்பு 1950-ல் வந்தது. பழைய புத்தகம்தானே என்று ஒதுக்க முடியாது. அலுமினியக் கம்பியின் மின்தடையும் ஓம் விதியும் 1950-ல் எப்படி இருந்தனவோ அப்படியேதான் இருக்கின்றன.

ஐ.இ.இ.இ.யின் வண்ணப் புத்தகங்களையும் இங்கே சொல்ல வேண்டும். தொழிற்சாலை மின் பகிர்மானத்துக்குச் சிவப்பு, எர்த்திங்குக்குப் பச்சை, பாதுகாப்பு ரிலேக்களின் ஒருங்கிணைப்புக்கு மங்கிய மஞ்சள், வணிகக் கட்டடங்களுக்குச் சாம்பல், அவசரகால மின்சாரத்துக்கு ஆரஞ்சு என்று அட்டையின் நிறத்தாலேயே அழைக்கப்பட்ட தொகுதிகள் அவை. முழுத் தொகுதியையும் கொண்டு போனால் வானவில்லையே தூக்கிக்கொண்டு போவது போலத்தான்.

மூன்றாம் வகை, பாடநூல்கள். ஸ்டீவன்சனின் மின் அமைப்புப் பகுப்பாய்வு நூல், அதைப் பிற்காலத்தில் கிரெய்ஞ்சரோடு சேர்த்து விரிவாக்கிய பதிப்பு, வில்டி எழுதிய மின் இயந்திர நூல் போன்றவை. ஸ்டீவன்சனை நம் ஊர் ட்ரிபிள்-ஈ மாணவர்களும் நன்றாக அறிவார்கள். மூன்று பேஸ் மின்சாரத்தில் சமநிலை குலையும்போது கணக்குப் போட சார்லஸ் ஃபோர்டெஸ்க்யூ 1918-ல் கொடுத்த சமச்சீர்க் கூறு முறை இந்த நூல்கள் எல்லாவற்றிலும் இருக்கும். ஷார்ட் சர்க்யூட் கணக்கு வந்தால் இவற்றைத்தான் திறக்க வேண்டும்.

நான்காம் வகை, இந்தத் தேர்வுக்கென்றே எழுதப்பட்ட பயிற்சி நூல்கள். கட்டுமானம், மின்சாரம் என்று ஒவ்வொரு துறைக்கும் தனித்தனிப் பார்வை நூல்கள் வந்தன. மின் துறையில் ஜான் கமாரா எழுதிய தடித்த நூல் பலருடைய பெட்டியில் இருந்தது. இவற்றோடு தேர்வு எழுதுபவர் தாமே கையால் எழுதித் தொகுத்த குறிப்பேடு. பல நேரம் அந்தப் பெட்டியிலேயே அதிகம் பயன்பட்டது இதுவாகத்தான் இருக்கும். தன் கையால் எழுதிய பக்கம் எங்கே இருக்கிறது என்பது தனக்குத் தெரியும் அல்லவா?

ஒரு மோட்டார், இரண்டு விடை

புத்தகம் இருந்தும் எப்படித் தோற்க முடியும் என்பதற்கு ஒரு கணக்கைப் பார்க்கலாம்.

460 வோல்ட், மூன்று பேஸ், 100 குதிரைத்திறன் மோட்டார். அதன் பெயர்ப்பலகையில் 118 ஆம்பியர் என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். இதற்கு எந்த அளவு தாமிரக் கம்பி போட வேண்டும்? மோட்டார் கம்பி முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல 125 சதவீதம் தாங்க வேண்டும் என்பது விதி. 118-ஐ 1.25-ஆல் பெருக்கினால் 147.5. அட்டவணையில் 75 டிகிரி செல்சியஸ் பத்தியைப் பார்த்தால் 1/0 அளவுக் கம்பி 150 ஆம்பியர் தாங்கும். விடை கிடைத்துவிட்டது, அடுத்த கேள்விக்குப் போகலாம்!

போகக் கூடாது. கம்பியின் அளவைக் கணக்கிடும்போது பொதுவாகப் பெயர்ப்பலகையைப் பார்க்கக் கூடாது, விதித்தொகுப்பின் மோட்டார் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும் என்று 430-ஆம் பிரிவு சொல்கிறது. காரணம் எளிது. நாளைக்கு அந்த மோட்டார் எரிந்துபோனால் அதே திறனில் வேறு கம்பெனி மோட்டாரை மாட்டுவார்கள். அது கொஞ்சம் அதிகமாக இழுக்கலாம். சுவருக்குள் போட்ட கம்பியை யாரும் மாற்றப் போவதில்லை. அட்டவணைப்படி 100 குதிரைத்திறனுக்கு 124 ஆம்பியர். 1.25-ஆல் பெருக்கினால் 155. 150 தாங்கும் 1/0 போதாது. அடுத்த அளவான 2/0 வேண்டும்.

இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைத்தான் திறந்தார்கள். ஒருவருக்கு அட்டவணை இருக்கும் இடம் மட்டும் தெரியும். இன்னொருவருக்கு எந்த அட்டவணை எதற்காக இருக்கிறது என்று தெரியும். தேர்வு பிரித்துப் பார்க்க நினைத்தது இந்த இருவரைத்தான்.

இதில் பதிப்புச் சிக்கல் வேறு. கம்பி தாங்கும் மின்னோட்டத்துக்கான அட்டவணைக்கு நெடுங்காலம் 310.16 என்று எண். பொறியாளர்கள் அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். 2011 பதிப்பில் அதை 310.15(பி)(16) என்று மாற்றினார்கள். 2020 பதிப்பில் மறுபடியும் 310.16! மோட்டார் அட்டவணையும் முன்பு 430.150 ஆக இருந்து 2005 பதிப்பில் 430.250 ஆனது. தேர்வு எந்தப் பதிப்பின்படி நடக்கும் என்பதை முன்கூட்டியே அறிவிப்பார்கள். அலுவலகத்தில் இருக்கிறதே என்று பழைய பதிப்பைத் தூக்கிக்கொண்டு போனவருக்கு எண்ணும் மாறும், சில இடங்களில் விதியும் மாறும்.

ஒரு மணி நேரம் ஆறு நிமிடமானது

புத்தகத் தேர்வின் கதையைத் தலைகீழாக மாற்றியது கேள்வித்தாளின் வடிவம்.

நெடுங்காலம் வரை பி.இ. தேர்வு என்றால் காலையில் நான்கு, மாலையில் நான்கு என எட்டு பெரிய கணக்குகள். மொத்தம் எட்டு மணி நேரம். கணக்குக்கு ஒரு மணி நேரம். ஒரு பாடநூலை எடுத்து, அத்தியாயத்தைப் புரட்டி, உதாரணத்தைப் படித்து, புரிந்துகொண்டு எழுதக்கூட நேரம் இருந்தது. அந்தக் காலத்துக்குப் பெரிய பெட்டி பொருத்தமாக இருந்தது.

2000களில் இது 80 கொள்குறி வினாக்களாக நிலைபெற்றது. நேரம் அதே எட்டு மணி. வகுத்துப் பார்த்தால் ஒரு கேள்விக்கு ஆறு நிமிடம். அதில் புத்தகம் தேட மூன்று நிமிடம் போனால் கணக்குப் போட மீதி மூன்றுதான். இருபது புத்தகம் கொண்டு போனவர் இருபது சொல்லடைவுகளில் தேட வேண்டும். ஐந்து புத்தகம் கொண்டு போனவர் ஐந்தில் தேடினால் போதும். புத்தகம் பலமாக இருந்த நிலை மாறி, ஓரளவுக்கு மேல் பாரமாக ஆனது.

2009-ல் இன்னொரு மாற்றம். அதுவரை மின் பொறியாளர்கள் எல்லோருக்கும் காலையில் பொதுவான கேள்வித்தாள் இருந்தது. மின் அமைப்புகளில் வேலை பார்ப்பவரும் டிரான்சிஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் படித்துத்தான் ஆக வேண்டும். 2009-லிருந்து மின்சக்தி, மின்னணுவியல் - கட்டுப்பாடு - தகவல்தொடர்பு, கணினி என்று மூன்று தனித் தேர்வுகள். மின்சக்திக்காரர் மின்னணுவியல் புத்தகங்களைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிடலாம். பெட்டி இளைத்தது.

ஆக, அனுபவசாலிகள் சொன்ன அறிவுரை ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்தது. தேர்வுக்குப் படிக்கும்போது எந்தப் புத்தகத்தைப் பயன்படுத்துகிறாயோ அதையே கொண்டு போ. கடைசி வாரத்தில் புதுப் புத்தகம் வாங்காதே. பக்கங்களுக்கு வண்ண ஒட்டுச்சீட்டு ஒட்டு, ஆனால் எல்லாப் பக்கத்துக்கும் ஒட்டாதே. எல்லாப் பக்கத்திலும் சீட்டு ஒட்டினால் எந்தப் பக்கத்திலும் ஒட்டாதது மாதிரிதான்!

கயிறு இறுகியது

எதை வேண்டுமானாலும் கொண்டு போகலாம் என்ற சுதந்திரத்துக்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. தாள்கள் எல்லாம் கட்டப்பட்டிருக்க வேண்டும். உதிரித் தாள் கூடாது. வளையக் கோப்பில் போட்டுக்கொள்ளலாம், ஆனால் தேர்வு முடியும் வரை அதிலிருந்து கழற்றக் கூடாது. தீர்வுகளோடு கூடிய கணக்குத் தொகுப்புகளைச் சில மாநிலங்கள் அனுமதிக்கவில்லை. பென்சிலைக்கூட அவர்களே கொடுத்தார்கள். அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

இத்தனை கெடுபிடிக்குக் காரணம் கேள்விகள் திருட்டுப் போய்விடக் கூடாது என்பதே. ஒரு நல்ல கேள்வியை உருவாக்கிச் சோதித்துப் பார்க்கச் செலவும் காலமும் ஆகும். அது வெளியே போனால் மறுபடி பயன்படாது. அந்தக் கண்ணோட்டத்தில் கால்குலேட்டர் ஆபத்தான பொருளாகத் தெரிந்தது. 1972-ல் ஹெச்.பி. 35 வந்து ஸ்லைடு ரூலை ஓரங்கட்டியது. அடுத்த இருபது வருடங்களில் எழுத்துகளைத் தட்டிச் சேமிக்கும் கால்குலேட்டர்களே வந்துவிட்டன. கேள்வியை அதில் தட்டி வெளியே கொண்டு போய்விடலாம். 2000களின் முதல் பாதியில் என்.சி.இ.இ.எஸ். இத்தகைய கருவிகளைத் தடை செய்து, பின்னர் அனுமதிக்கப்பட்ட மாடல்களின் பட்டியலை வெளியிடத் தொடங்கியது. பொறியாளர்கள் உயிராக நேசித்த ஹெச்.பி. 48 வெளியே போனது. ஹெச்.பி. 33எஸ், 35எஸ் உள்ளே வந்தன. நம் கல்லூரிப் பைகளில் எல்லாம் கிடக்கும் காசியோ எஃப்எக்ஸ்-991-ம் அந்தப் பட்டியலில் இடம் பிடித்தது!

பெட்டி மூடப்பட்டது

அடிப்படைத் தேர்வில் இந்தக் கதை முன்பே முடிந்துவிட்டது. 1990களில் அந்தத் தேர்வுக்குச் சொந்தப் புத்தகம் கொண்டு வருவதை நிறுத்தி, எல்லோருக்கும் ஒரே கையேட்டை வழங்கினார்கள். 2014 ஜனவரியில் அது கணினித் தேர்வாக மாறியது. பி.இ. தேர்வுகள் துறை துறையாகப் பின்தொடர்ந்தன. 2018-ல் வேதிப் பொறியியல் முதலில் மாறியது. 2020 ஏப்ரல் தேர்வை கொரோனா விழுங்கியது. அந்த வருடக் கடைசியில் மின்சக்தித் தேர்வும் கணினிக்குப் போனது.

இப்போது தேர்வு எழுதுபவர் புத்தகம் எதையும் கொண்டு போக முடியாது. திரையில் ஒரு பக்கம் கேள்வி, இன்னொரு பக்கம் என்.சி.இ.இ.எஸ். தயாரித்த கையேடும் என்.இ.சி., என்.இ.எஸ்.சி. உள்ளிட்ட விதி நூல்களும் மின்வடிவில். எல்லோருக்கும் அதே நூல்கள், அதே பதிப்பு. அந்தக் கையேட்டை முன்கூட்டியே இலவசமாகத் தரவிறக்கிப் படித்துக்கொள்ளலாம்.

லாபமா, நஷ்டமா?

லாபம் கண்கூடு. பழைய முறையில் பணம் ஒரு கள்ள மதிப்பெண்ணாக உள்ளே நுழைந்தது. பெரிய நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு அலுவலக நூலகமே பெட்டிக்குள் வரும். விதி நூல், பெருங்கையேடு, வண்ணப் புத்தகங்கள், பாடநூல்கள் என்று எல்லாவற்றையும் சொந்தமாக வாங்குவது சின்ன ஊரில் தனியாக உழைப்பவருக்கு எளிதல்ல. இருவருடைய திறமையையும் அளக்க வேண்டிய தராசில் ஒருவரின் பக்கம் புத்தகப் பெட்டியின் எடையும் சேர்ந்துகொண்டது. கணினி அந்த எடையை எடுத்துவிட்டது. பொதுமக்களின் பாதுகாப்புக்காக இருக்கும் ஒரு தேர்வு திறமையை மட்டும்தான் அளக்க வேண்டும் என்றால் இந்த மாற்றம் நியாயமானதே.

நஷ்டமும் இருக்கிறது. தேர்வுக்காகச் சேர்த்த புத்தகங்கள் அதோடு முடிந்துபோகவில்லை. பக்கம் பக்கமாகச் சீட்டு ஒட்டி, ஓரத்தில் குறிப்பெழுதி, எங்கே என்ன இருக்கிறது என்று விரல் நுனியில் பழகிய அந்தப் புத்தகங்கள் அதன் பிறகு முப்பது வருடம் வேலை மேசையில் கூடவே இருந்தன. தேர்வுக்குத் தயாராவதும் சொந்த நூலகம் கட்டுவதும் ஒரே வேலையாக இருந்தது. இன்ன விஷயத்துக்கு இன்ன நூலை நம்பலாம், இன்ன நூலில் இது கிடைக்காது என்று எடைபோடும் பழக்கம் அந்தப் பெட்டியை அடுக்கும்போதே வந்துவிடும். அடுக்கி வைத்ததைக் கையில் கொடுத்துவிட்டால் அந்தப் பயிற்சி தனியாகத்தான் வர வேண்டும்.

ஆனால் ஒன்று. கணினி வந்ததால் பொறுக்கி எடுக்கும் வேலை முழுக்க ஒழிந்துவிட்டது என்று நினைத்தால் அது தவறு. திரையில் பல நூல்கள் இருக்கும்போது எதைத் திறப்பது? இது என்.இ.சி. கேள்வியா, என்.இ.எஸ்.சி. கேள்வியா? தேடல் பெட்டியில் என்ன சொல்லைத் தட்டுவது? பிரிட்டிஷ் வழக்கத்தில் படித்த நாம் 'எர்த்திங்' என்போம். அமெரிக்க நூலில் அதைத் தட்டிப் பயனில்லை, அங்கே அது 'கிரவுண்டிங்'. அந்த 100 குதிரைத்திறன் மோட்டாருக்குப் பெயர்ப்பலகையை நம்பக் கூடாது என்பதைத் தேடல் பெட்டி தானாக வந்து சொல்லாது. கேட்டால்தான் சொல்லும். கேட்கத் தெரிய வேண்டும்.

1907-ல் வயோமிங்கில் ஜான்ஸ்டன் தேடியது வரைபடத்துக்குக் கீழே கையெழுத்துப் போடத் தகுதியுள்ள ஓர் ஆளை. அதன் பிறகு சட்டம் மாறியது, கேள்வித்தாள் மாறியது, பெட்டி போய்த் திரை வந்தது. தகுதி என்பதன் பொருள் மட்டும் அதிகம் மாறவில்லை. எல்லாவற்றையும் தலையில் சுமப்பவரையோ, எல்லாவற்றையும் பெட்டியில் சுமப்பவரையோ அந்தத் தேர்வு தேடவில்லை. தனக்கு எது தெரியாது என்று தெரிந்து, அதை எங்கே பார்க்க வேண்டும் என்றும் தெரிந்தவரைத்தான் தேடியது. அவர் போட்ட கம்பி சுவருக்குள் இருக்கிறது. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்கள்.